கட்டிலில் உடம்பு போடும் சத்தங்கள்: கூச்சம் குறைய எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பிரசவம் முடிந்து இடுப்புவலி என்று பிசியோதெரபிக்கு வருகிற பெண்கள் பலர், கேட்க வந்த கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார்கள். பயிற்சி முடிந்து, பையைத் தோளில் மாட்டி, ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகு வாசலில் நின்று திரும்புவார்கள். "ஏனுங்க, இன்னொன்னு கேக்கோணும். அவரோட இருக்கறப்ப ஒரு சத்தம் வருதுங்க..."

ஈரோட்டுப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் நான் 12 வருடமாக இந்தக் கேள்வியை வாசலில் வைத்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயிற்று இரைச்சல், காற்றுப் பிரிவது, பெண்ணுறுப்பிலிருந்து வரும் காற்று, மூட்டுச் சொடக்கு, கட்டில் கிறீச்சிடுவது என்று சத்தம் ஆளுக்கு ஆள் மாறும். தவறு மட்டும் மாறாது. எல்லோரும் முதலில் சத்தத்தை அடக்கப் பார்க்கிறார்கள். அடக்க அடக்க வயிறும் இடுப்பும் இறுகும், மூச்சு நிற்கும். பிறகு எப்போதாவது தளரத்தானே வேண்டும்? அப்போது அடக்கியதெல்லாம் மொத்தமாக வெளியே வரும்.

சத்தம் ஒரு நொடியில் போய்விடும். அதற்கு அப்புறம் இரண்டு பேரும் கல்லாகக் கிடக்கும் அரை நிமிடம்தான் பல வீடுகளில் வாரக்கணக்கில் நீளுகிறது. அதைச் சரிசெய்யும் வரிசையைக் கீழே தருகிறேன். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

உள்ளிருந்து தாழ்போடும் கதவு. ஒரு ஸ்பேனர், பழைய சைக்கிள் டியூப் துண்டு, கொஞ்சம் பனியன் வேஸ்ட் (திருப்பூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதைத் தேடவே வேண்டாம்). மருந்துக்கடையில் கிடைக்கும் தண்ணீர் வகை வழுக்கு ஜெல் ஒன்று. கைக்கெட்டும் இடத்தில் ஒரு துண்டு.

ஒரு மாதப் பொறுமையும் வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டு "ஒன்னும் மாறலைங்க" என்று விட்டவர்கள்தான் அதிகம். கூச்சம் பல வருடமாகப் படிந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போகாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் விருப்பம் இருந்து, கூச்சம் மட்டும் குறுக்கே நிற்பவர்களுக்கானது இது. வலி இருந்தால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போங்கள். வற்புறுத்தல் இருந்தால் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

2. முதலில் அறையைப் பாருங்கள்

உடம்பைப் பற்றிப் பேசும் முன் அறையைச் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டுக்குடும்பத்தில் பாதிப் பயம் பக்கத்தில் இருப்பவரைப் பற்றியதே கிடையாது. ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) படுத்திருக்கும் மாமியாரின் காதைப் பற்றியது. அது தீராமல் மற்ற எதைச் செய்தாலும் பயன் இல்லை.

பழைய தோட்டத்து ஓட்டு வீடுகளில் உள்சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி இருக்கும், அந்த வழியாகச் சத்தம் அடுத்த அறைக்குப் போகும். தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டில் கதவின் அடியிலிருக்கும் சந்துதான் வழி. எது எவ்வளவு கேட்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் நோம்பிக்கோ (பண்டிகைக்கோ) சந்தைக்கோ போன பகலில் சோதித்துப் பாருங்கள். ஒருவர் கட்டிலில் படுத்துச் சாதாரணக் குரலில் பேசட்டும், புரளட்டும். மற்றவர் கதவைச் சாத்திவிட்டு மாமியார் படுக்கும் இடத்தில் போய்ப் படுத்துக் கேட்கட்டும். ஃபேன் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை.

செய்து பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வயிற்று இரைச்சலும் காற்றுச் சத்தமும் கதவைத் தாண்டவில்லை, கட்டில் தாண்டுகிறது. ஆகவே கட்டிலைக் கவனியுங்கள். இரும்புக் கட்டிலானால் நட்டு போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்குங்கள். மரக்கட்டிலானால் பலகை உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு, சுவரைத் தொடும் தலைமாட்டில் பனியன் வேஸ்ட். அரை மணி நேர வேலை. அதுவும் முடியாது என்றால் மெத்தையைத் தரையில் போடுங்கள். தரை கிறீச்சிடாது.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் வேறு கதை. தறிச் சத்தத்திலேயே பழகியவர்களுக்குத் தறி நின்ற இராத்திரி பயமாக இருக்கும். கரண்ட் போனால் சொல்லவே வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். அன்றைக்கு மட்டும் கூச்சம் கூடினால் பிரச்சினை உங்கள் உடம்பில் இல்லை. செல்போனில் ஒரு பாட்டைச் சன்னமாக ஓடவிடுங்கள்.

3. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காரணம் தெரியாத சத்தத்தை மனசு நோயாக்கிவிடும், இல்லையென்றால் அசிங்கமாக்கிவிடும். காரணம் தெரிந்தால் அது இருமலுக்கும் தும்மலுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

*வயிற்று இரைச்சல்.* சாப்பிட்ட பிறகு குடல் உணவையும் காற்றையும் தண்ணீரையும் நகர்த்தும்போது வருவது. வயிறு காலியாக இருந்தாலும் வரும். காலிக் குடல் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும். உள்ளே சத்தத்தை அமுக்க உணவு இல்லாததால் அது பலமாகவே கேட்கும். பட்டினி கிடந்தால் சத்தம் வராது என்று இராத்திரிச் சோற்றைத் தள்ளிவிடும் புதுப்பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*பின்பக்கக் காற்று.* ஒரு நாளைக்குப் பத்து, இருபது தடவை பிரிவது இயல்பு. பகலில் நடையிலும் வேலையிலும் நமக்குத் தெரியாமலே போய்விடும். படுத்து, கால் மடங்கி, வயிறு அழுந்தும்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

*பெண்ணுறுப்பிலிருந்து வரும் காற்று.* வாசல் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். இது குடல் காற்று கிடையாது. யோனி மடிப்புகள் கொண்ட, விரிந்து சுருங்கும் பாதை. உறவின் அசைவில் வெளிக்காற்று உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. நிலை மாறும்போதோ விலகும்போதோ அது வெளியேறுகிறது. வாசனை இருக்காது, ஏனென்றால் உள்ளே போனது அறைக்காற்று. இடுப்பு நெஞ்சைவிட உயரமாக இருக்கும் நிலைகளில் காற்று அதிகம் புகும். இடுப்புக்கு அடியில் தலையணை வைக்கும்போதும் அப்படியே. குழந்தை பெற்ற பிறகு இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்குவது) தளர்ந்திருந்தால் கொஞ்சம் கூடலாம். குழந்தை பெறாதவர்களுக்கும் வரும்.

ஒரு பெண் இதற்காக ஆறு மாதம் கணவரைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருந்தார். "பின்னாடி காத்துன்னு அவரு நெனச்சுக்குவாருங்க" என்பதுதான் அவர் பயம். கணவரைக் கேட்டால், தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் வேறுவேறு காரணத்துக்காக வெசனப்பட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

*தோல் சத்தம்.* வியர்த்த வயிறும் வயிறும் ஒட்டிப் பிரியும்போது வருவது. சித்திரை, வைகாசியில் அதிகம். துண்டு எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும்.

*மூட்டுச் சொடக்கு.* மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதால் வருவது. வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

ஏப்பம், விக்கல், மூக்கடைப்பில் வரும் விசில் இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

4. பகலில் ஒருமுறை பேசிவிடுங்கள்

இராத்திரியில், சத்தம் வந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவதுதான் இரண்டாவது பெரிய தவறு. அந்த நேரத்தில் எது சொன்னாலும் குறை சொல்வதுபோலக் கேட்கும். ஆகவே பகலில், முகத்தோடு முகம் பார்க்கத் தேவையில்லாத வேலை நடக்கும்போது பேசுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசலாம், மாட்டுக்குத் தீவனம் போடும்போதும் பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும்.

உங்கள் உடம்பில் வரும் சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள், மற்றவருடையதிலிருந்து வேண்டாம். இப்படி ஒன்று போதும்:

"ஏனுங்க மாமா, சில நேரம் எனக்குக் காத்துச் சத்தம் வருதில்லைங்க, அது வயித்துக் காத்து இல்லையாமா. வெளிக்காத்துத்தானாமா. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு."

"அட, அதுக்கா அம்மணி அப்படித் திரும்பிப் படுத்துக்கிட்ட? எனக்கு மட்டும் வயிறு தறி ஓட்டுறதில்லையா?"

இவ்வளவுதான். பத்து நிமிடப் பேச்சாக்க வேண்டாம். கணவர் சிரித்துத் தட்டிக்கழித்தாலும் பரவாயில்லை, விஷயம் காதில் விழுந்துவிட்டது.

அதே பேச்சில் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இந்த அறையில் வந்த சத்தம் வெளியே போகக்கூடாது. பேக்கரியில் டீ குடிக்கும்போது நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அது நண்பர் மனைவி வழியாக வீடு வந்து சேர்ந்த கதைகள் எனக்குத் தெரியும். பெண்களும் நங்கையாளிடம் (நாத்தனார், அண்ணியிடம்) சொல்லிவிட வேண்டாம். ஒருமுறை வெளியே போய்விட்டால் மற்ற படிகள் எதுவும் வேலை செய்யாது.

5. சாப்பாட்டுக் கணக்கு

நம் ஊர்ச் சாப்பாட்டில் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, அவரை எல்லாம் தாராளம். இந்தப் பருப்புகளில் உள்ள ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது.

இதில் நேரக்கணக்கைக் கவனியுங்கள். உணவு பெருங்குடலுக்குப் போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் இராத்திரி பத்து மணிக்குப் பேசுவது பெரும்பாலும் மத்தியானம் கடைந்த கொள்ளு. இராத்திரி அரிசிம்பருப்பு சோற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொள்ளை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? முதல்நாள் இராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். இராத்திரிச் சாப்பாட்டை அளவாக, படுக்கும் முன் இரண்டு மணி நேரம் இருக்கும்படி முடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சாப்பிட்ட உடனே பெருங்குடல் தானாகவே நகர ஆரம்பிக்கும். படுக்கும் முன் சோடா, கலர் வேண்டாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இராத்திரி ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டு வயிறு பொருமுகிறது என்றால் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். முதலிரவுக்குச் சொம்பு நிறையப் பால் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, வயிற்றைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

படுக்கைக்கு முன் கழிவறைக்குப் போய்வருவதும், வாசலில் பத்து நிமிடம் நடப்பதும் நான் சொல்லும் எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

6. சத்தம் வந்த அந்த நொடி

இதுவரை செய்ததெல்லாம் இந்த நொடிக்குத்தான். சத்தம் வந்ததும் மூன்று தவறுகளில் ஒன்று நடக்கும். கேட்காத மாதிரி இருப்பது. "ஸாரி ஸாரி" என்று அடுக்குவது. அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போவது. மூன்றும் சத்தத்தைப் பெரிதாக்கும். கேட்காத மாதிரி இருப்பது நாகரிகம் என்று நினைப்பார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு "இது பேசக்கூடாத அளவுக்கு மோசம்" என்றுதான் அது போய்ச்சேரும்.

செய்ய வேண்டியது சின்னது. ஒரு சொல், கூடவே ஒரு தொடுதல். சொல் எதுவாகவும் இருக்கலாம், கை மட்டும் எடுபடக்கூடாது. கையை எடுத்தால் விலகியதாக ஆகிவிடும். சத்தம் போட்ட உடம்புக்குச் சொந்தக்காரர் முதலில் பேசுவது நல்லது. சிரிப்பும் அவரிடமிருந்து தொடங்கினால் பத்திரம்.

என் கணவர் இந்த விதியை மீறித் தப்பித்தவர். கல்யாணமான முதல் மாதம், கோபிப் பக்கம் தோட்டத்து ஓட்டு வீடு. மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். வயிறு இரையக்கூடாது என்று எக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடி விட்டதும் கடமுடவென்று அப்படி ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து, "மழ வருமாட்ட இருக்குது அம்மணி, களத்துல மஞ்ச காயுதே" என்றார். நான் சிரித்ததில் ஆசாரத்தில் மாமியார் இருமினார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு இரைந்தால் மஞ்சள் காய்கிறது என்றுதான் பேச்சு.

ஆனால் அது அவர் குணத்தாலும் என் குணத்தாலும் நடந்தது. அதே கேலி இன்னொரு பெண்ணை ஒரு வருடம் பேசவிடாமல் செய்திருக்கும். அதனால்தான் 4-ஆம் படி இல்லாமல் இந்தப் படிக்கு வரக்கூடாது.

பெண்ணுறுப்புக் காற்று என்றால் இன்னும் இரண்டு செய்யலாம். நிலையை மெதுவாக மாற்றுங்கள், இடுப்புக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். உலர்ந்திருந்தால் வழுக்கு ஜெல் உரசல் சத்தத்தைக் குறைக்கும். பாலூட்டும் மாதங்களில் உலர்வு சகஜம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்கும் முன் ஒன்று: லேடெக்ஸ் ஆணுறையை எண்ணெய் கெடுத்துவிடும், கிழிந்துபோகும். தண்ணீர் வகை ஜெல்லை நான் கேட்டது அதற்காகத்தான்.

வேடிக்கைக்காகக்கூட உறுப்புக்குள் காற்றை ஊத வேண்டாம். காற்று இரத்தக்குழாயில் புகுந்துவிட வாய்ப்புண்டு. கர்ப்ப காலத்தில் அது உயிருக்கே ஆபத்து.

7. மூச்சையும் குரலையும் விடுங்கள்

சின்ன வயதிலிருந்து ஒரே கூடத்தில் எல்லோரும் படுத்து வளர்ந்தவர்களுக்கு மூச்சை அடக்குவது பழக்கமாகவே இருக்கும். மூச்சை அடக்கினால் வயிறும் இடுப்புத்தளமும் சேர்ந்து இறுகும். விடும்போது எல்லாம் ஒன்றாகத் தளரும், அப்போதுதான் அந்தச் சத்தங்கள் வரும். வாயை லேசாகத் திறந்து, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். இதைப் பகலில் தனியாக ஐந்து நிமிடம் படுத்துப் பழகுங்கள். கட்டிலில் முதல்முறையாக முயன்றால் வராது.

முனகல், பேச்சு இவை வந்தால் வரட்டும், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். செல்போன் வீடியோக்களில் கேட்பது நடிப்பு. அதைப் பார்த்துவிட்டு மனைவி சத்தமே போடுவதில்லை, பிடிக்கவில்லை போல என்று வருந்தும் ஆண்கள் இருக்கிறார்கள். பிடித்திருக்கிறதா என்பதை மனைவியிடமே கேட்டுவிடலாம்.

8. இடுப்புத்தளப் பயிற்சி

பிசியோதெரபிக்காரியே இதைக் கடைசியில் வைக்கிறாளே என்று தோன்றலாம். முதலில் சொல்லிக்கொடுத்துப் பட்ட பிறகுதான் இடம் மாற்றினேன். கூச்சம் தீராமல் இதைக் கற்றவர்கள் கட்டிலிலும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வலி வந்ததுதான் மிச்சம்.

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்குங்கள். சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்பக்கமாக மேலே இழுங்கள். 3 முதல் 5 நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். 10 முறை செய்தால் ஒரு சுற்று, நாளைக்கு 3 சுற்று. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

தவறுகள் எப்போதும் இவைதான்: மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது, மூச்சை அடக்குவது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவது, தளர்த்துவதை அவசரமாக முடிப்பது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பை முழுசாகக் காலியாகாமல் போகும். தையல் ஆறாதவர்களும் உறவில் வலி இருப்பவர்களும் டாக்டரைப் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே இறுகியிருக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும்.

9. டாக்டரிடம் போக வேண்டியவை

பெண்ணுறுப்பிலிருந்து வரும் காற்றோடு மல வாசனையோ மலமோ வந்தால், சிறுநீர் தானாகக் கசிந்துகொண்டே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கஷ்டமான பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு குடலுக்கும் யோனிக்கும், அல்லது சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் துளை விழுந்திருக்கலாம். பயிற்சியால் இது மூடாது, சிகிச்சை வேண்டும்.

உறவின்போது வலி, உறவுக்குப் பிறகு இரத்தம், மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப் பொருமல், சொடக்கோடு மூட்டு வீங்குவது இவற்றுக்கும் போக வேண்டும். கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் நலப் பிரிவு இருக்கிறது. காலையில் வெளிநோயாளி சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அங்கே போய் உட்கார்ந்ததும் இடுப்புவலியில் ஆரம்பிக்காதீர்கள். "உறவின்போது இன்ன சத்தம் வருது, இத்தனை மாசமா, வலி இருக்குது அல்லது இல்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வராது என்றால் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள். அப்படி நீட்டப்பட்ட சீட்டுகளை நானும் வாங்கியிருக்கிறேன், அவர்கள் யாரும் வாசலில் திரும்பி நிற்க வேண்டியிருக்கவில்லை.